செபித்தும் அதே பலவீனத்தில் விழுகிறேன். விசுவாசம் உண்மையில் பலம் தருமா?

தமது பலவீனம் எதுவென்று கேட்டவர் எழுதவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறிய வெட்கத்தினால் கோவிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டவராக இருப்பார் என்று எண்ணுகிறேன். என் தம்பி அவ்வாறுதான் இருந்தான்.

நாங்கள் திருகோணமலையில் கடற்றொழிலை நம்பி வாழும் கத்தோலிக்கக் குடும்பம். ஒவ்வோர் ஆண்டும் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று இனிக் குடிப்பதில்லை என்று தம்பி நேர்ந்துகொள்வான். தவக்காலம் முழுவதும் தவறணைப் பக்கமே போகமாட்டான். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்த அன்று மாலையே முன்னிலும் அதிகமாகக் குடிப்பான். அம்மா பாலையூற்று லூர்து அன்னையிடம் போய் மெழுகுதிரி ஏற்றி அழுவார். அவனோ, தன் செபம் கேட்கப்படவில்லை என்றே நம்பினான்.

பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் கூறிய புத்திமதியைத் தம்பியே பின்னர் எங்களிடம் சொன்னான். பெரிய நேர்த்தி எதுவும் வேண்டாம். மீன் விற்ற காசை நேரே அக்காவின் கையில் கொடு. மனம் இழுக்கும்போது, இழுக்கிறது என்று வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல். விழுந்தால் அடுத்த திருநீற்றுப் புதன்வரை காத்திராமல் உடனே திரும்பி வா என்றாராம். குடியை நிறுத்துவதற்கு முன் வைத்தியரைப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார். செபத்தை மட்டும் நம்பச் சொல்கிறேன் என்று எவரும் கோபிக்க வேண்டாம். நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம்.

புனித பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டினார். முள் நீங்கியதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் இல்லை. "என் அருள் உனக்குப் போதும்" என்ற மறுமொழிதான் இருக்கிறது. முன்பு அதைக் கேட்டால் தம்பிக்கு ஆண்டவர் கைவிரித்ததாகவே தோன்றும். காசை என்னிடம் நீட்டி, "அக்கா, இண்டைக்கு மனம் சரியில்லை" என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான், பலவீனத்தோடு நிற்பவனிடமே அந்த அருள் வருகிறது என்பதை அவன் விளங்கிக்கொண்டான். இடையில் விழுந்தும் இருக்கிறான். ஆனால் விழுந்ததை மறைக்கவில்லை. பூசையை விட்டு ஒதுங்கவுமில்லை. இதையே நான் பலம் என்கிறேன்.

எனக்கு ஆறாத மனவருத்தம் ஒன்று உண்டு. தம்மைத் தெரியாதென்று மறுதலித்த பேதுருவிடம் உயிர்த்த ஆண்டவர், "ஏன் மறுதலித்தாய்?" என்று கேட்கவில்லை, தம்மை அன்பு செய்கிறாயா என்றே மும்முறை கேட்டார். நற்கருணை வரிசையில் தம்பியைத் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்த சிலர் அந்தப் பகுதியை வாசித்தும் எதை எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. அவர்களின் பார்வைக்குப் பயந்தே அவன் பல காலம் கோவில் வாசலில் நின்று திரும்பினான்.

ஆகவே, கேள்வி கேட்டவர், பழக்கத்தை விட்ட பிறகு கோவிலுக்குப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் நம்பத்தக்க ஒருவரிடமும் குருவானவரிடமும் அதைப் பெயர் சொல்லியே கூறுங்கள். வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சினால், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எவரிடமும் வெளிப்படுத்தத் திருச்சபைச் சட்டம் எந்தக் குருவுக்கும் இடம் தருவதில்லை.