வரி வரியாய் ஒரு போர்வை: குரோஷா கேள்வி பதில்

தானாகவே நிறம் மாறிக்கொண்டு வரும் செல்ஃப் ஸ்ட்ரைப்பிங் நூலில், மேடு பள்ளம் வைத்த குரோஷா (கொக்கி ஊசிப்) பின்னலில் போர்வை போடுவது பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. இதுவரை பதினொரு போர்வை முடித்திருக்கிறேன். அதில் மூன்றைப் பாதியில் பிரித்து முதலிலிருந்து போட்டேன். கீழே சொல்வதில் பாதி அந்த மூன்றில் கற்றது.

ஒரு விஷயம் முதலிலேயே. நான் "டபிள்" என்று சொல்வது அமெரிக்க வழக்கு: ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போடும் உயரமான தையல். பிரிட்டிஷ் பேட்டர்னில் இதற்கு ட்ரெபிள் என்று பெயர். அங்கே டபிள் என்றால் நாம் சொல்லும் சிங்கிள், அதாவது ஊசியில் சுற்றாமல் போடும் குட்டைத் தையல். பேட்டர்ன் எந்த வழக்கில் இருக்கிறது என்று பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, லேபிள் படத்தில் அழகா அகலமா பட்டை பட்டையா இருந்தது. நம்பி வாங்கினேன். நான் போட்டா ஒரு வரிசைக்குள்ளயே ரெண்டு நிறம் வந்து திட்டுத் திட்டா நிக்குது. நூல்ல குறையா, என் கையில குறையா?

பதில்: நூலிலும் குறை இல்லை, உங்கள் கையிலும் இல்லை. வரிசையின் நீளம்தான் காரணம். இந்த நூலில் ஒவ்வொரு நிறமும் குறிப்பிட்ட மீட்டர் வரை ஓடி, அப்புறம் அடுத்த நிறத்துக்கு மாறும். தொப்பியோ மஃப்ளரோ போட்டால் வரிசை குட்டை. ஒரே நிறம் ஐந்தாறு வரிசை வரும். லேபிளில் பெரும்பாலும் அப்படிச் சின்ன உருப்படியின் படம்தான் இருக்கும். அதே நூலைப் போர்வை அகலத்துக்கு இழுத்தால் வரிசை முடியும் முன்பே நிறம் தீர்ந்துவிடும்.

இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் ஊசியில், நீங்கள் போடப்போகும் அதே பின்னலில் ஒரு சின்னத் துண்டு போடுங்கள். நடுவில் 20 தையல் வரும் இடத்தில், தொடங்கும் முன் நூலில் ஒரு முடிச்சுக் குறி வையுங்கள். முடித்ததும் இன்னொரு குறி. பிரித்து, சுருளை நேராக்கி, ஆனால் இழுக்காமல், டேப்பில் அளங்கள். என் கைக்கு நடுத்தரக் கனமுள்ள நூலில், 5.5 மில்லிமீட்டர் ஊசியில், 20 டபிளுக்கு 110 சென்டிமீட்டர் வந்தது. ஒரு தையலுக்கு ஐந்தரை. 120 தையல் வரிசை என்றால் 6.6 மீட்டர்.

அடுத்து நூல்கண்டிலிருந்து ஒரு நிறம் முழுவதையும் இழுத்து அளங்கள். 20 மீட்டர் இருந்தால் மூன்று வரிசைக்கு அந்த நிறம் வரும். போர்வைக்கு அருமையான பட்டை. 5 மீட்டர்தான் இருந்தால் ஒரு வரிசைக்கே காணாது. அப்போது போர்வையைக் குறுகலான நீளப் பட்டிகளாகப் போட்டு இணைக்கலாம், இல்லையென்றால் மூலையிலிருந்து மூலைக்கு ஏறும் பின்னலில் போடலாம். அதில் வரிசை சின்னதாகத் தொடங்கி வளர்ந்து மறுபடி குறையும். மூலைகளில் பட்டை அகலமாகவும் நடுவில் ஒல்லியாகவும் விழும். அது தப்பில்லை, தனி அழகு.

இன்னொன்றும் கவனியுங்கள். பல நிற நூல் எல்லாம் செல்ஃப் ஸ்ட்ரைப்பிங் அல்ல. ஒரு சாண், இரண்டு சாணுக்கு ஒருமுறை நிறம் மாறினால் அது வேரிகேட்டட். அதில் எவ்வளவு கணக்குப் போட்டாலும் பட்டை வராது.

கேள்வி: எனக்குக் கேபிள் பின்னல்னா உயிர். இந்த நூல்ல போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அவ்வளவு உழைப்பும் கண்ணில் படாது. கேபிள் கயிறு முறுக்கினாற்போல் நீளவாக்கில் ஓடுவது. பட்டை குறுக்கே ஓடுவது. இரண்டும் கண்ணைத் தன் பக்கம் இழுக்கும், நிறம்தான் ஜெயிக்கும். முறுக்கு ஒவ்வொரு பட்டையிலும் வெட்டுப்பட்ட மாதிரி தெரியும்.

நிழல் விழுகிற அளவுக்குப் புடைப்பு உள்ள, சின்னச் சின்னதாய்த் திரும்பத் திரும்ப வரும் பின்னல்தான் இந்த நூலுக்குத் தோது. என் முதல் தேர்வு வாஃபிள், சதுரச் சதுரமாய்க் குழி விழும் பின்னல். அதில் கீழ்வரிசைத் தையலின் தண்டைச் சுற்றிப் போடுவதால், புது நிறம் பழைய நிறத்துக்குள் பல் மாதிரி இறங்கும். கருநீலம் முடிந்து மஞ்சள் தொடங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். நேர்கோடு இருக்காது, கோரைப்பாயில் நிறக்கோரை மாறுகிற இடம் போல ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். அந்த ஒரு இடத்துக்காகவே நான் இந்த நூலில் வாஃபிள் போடுகிறேன்.

கூடைப்பின்னலும் இதே வகை. பாபிள் உருண்டைகள் வைக்கலாம், ஆனால் பட்டை குறைந்தது மூன்று வரிசை அகலம் இருந்தால்தான் உருண்டை ஒரே நிறத்தில் முழுசாகத் தெரியும். எளிமையாக வேண்டுமென்றால், தையல் தலையின் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் குத்திப் போடும் சிங்கிள். வரப்பு வரப்பாய் நிற்கும். துளை வைத்த லேஸ் வகைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். துளையும் நிறமும் சேர்ந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

கேள்வி: வாஃபிள் வீடியோ பார்த்துப் போட்டா ஓரத்துல ஒண்ணு கூடுது, ஒண்ணு குறையுது. கணக்கைக் கொஞ்சம் எழுத்துல சொல்லுங்களேன்.

பதில்: சொல்கிறேன். மொத்தத் தையல் மூன்றால் வகுபட வேண்டும். 120 என்று வைத்துக்கொள்வோம். 122 செயின் (தொடக்கச் சங்கிலித் தையல்) போட்டு, ஊசியிலிருந்து நாலாவது செயினில் தொடங்கிக் கடைசி வரை டபிள். விட்ட மூன்று செயின் ஒரு தையல் கணக்கு, மொத்தம் 120.

இரண்டாம் வரிசை: மூன்று செயின், அதுதான் முதல் தையல். பிறகு முன்பக்கத் தண்டு டபிள் ஒன்று, சாதா டபிள் இரண்டு; இதையே 39 தடவை. கடைசியில் தண்டு டபிள் ஒன்று, ஓரச் செயினின் தலையில் சாதா டபிள் ஒன்று.

மூன்றாம் வரிசை: மூன்று செயின். பிறகு சாதா டபிள் ஒன்று, தண்டு டபிள் இரண்டு, 39 தடவை. கடைசியில் சாதா டபிள் இரண்டு. இனி இந்த இரண்டு வரிசைகளும் மாறி மாறி.

தண்டு டபிள் என்றால் தையலின் தலையில் குத்தக்கூடாது. முன்பக்கமிருந்து ஊசியை விட்டு, தண்டின் பின்னால் வளைத்து, மறுபடி முன்பக்கமே எடுக்க வேண்டும். அப்படிப் போட்டபின் அந்தத் தையலின் தலை பின்பக்கம் ஒளிந்துகொள்ளும். உங்களுக்கு ஒன்று கூடுவது அதனால்தான். ஒளிந்திருக்கிற தலையில் தெரியாமல் குத்திவிடுகிறீர்கள். முதல் நாலைந்து வரிசைகளுக்கு ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். சதுரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் பிறகு எண்ண வேண்டாம், கண்ணே பிழையைக் காட்டும்.

மேலே சொன்ன நீளக் கணக்குக்கு ஒரு சின்னத் திருத்தம்: வாஃபிளில் இரண்டு வரிசையும் ஒரே அளவு நூல் குடிக்காது. இரண்டையும் அளந்து சராசரி எடுங்கள்.

கேள்வி: எத்தனை கண்டு வாங்கணும்? போன தடவை பாதியில தீர்ந்து, அதே நிறம் கிடைக்கல.

பதில்: அந்த வேதனை எனக்கும் தெரியும். புடைப்புப் பின்னல் நூலை நிறையக் குடிக்கும். சாதா டபிள் போர்வைக்குச் சொன்ன அளவு இதற்கு ஆகாது. சமையலறைத் தராசு இருந்தால் போதும். 15 சென்டிமீட்டர் சதுரத்தில் மாதிரித் துண்டு போட்டு நிறுங்கள். 16 கிராம் வருகிறது என்று வைப்போம். போர்வை 90க்கு 120 சென்டிமீட்டர் என்றால் 10,800 சதுர சென்டிமீட்டர்; துண்டு 225. வகுத்தால் 48. பதினாறால் பெருக்கினால் 768 கிராம். ஓரத்துக்கும் நிறம் பொருத்த வெட்டி எறிவதற்கும் சேர்த்து, 100 கிராம் கண்டில் ஒன்பது. எல்லாவற்றிலும் சாய எண் (ஒரே தடவை சாயம் போட்டதைக் காட்டும் எண்) ஒன்றேதானா என்று லேபிளைப் பார்த்து ஒரே தடவையில் வாங்குங்கள்.

மாதிரித் துண்டு போட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் தண்டுத் தையல் துணியைச் சுருக்கும். சாதா டபிளில் எண்ணி செயின் போட்டீர்களானால் போர்வை நினைத்ததைவிடக் குறுகலாகத்தான் வரும்.

கேள்வி: ஒரு கண்டு பச்சையில முடிஞ்சுது. அடுத்த கண்டு ஆரஞ்சுல ஆரம்பிக்குது. அப்படியே சேர்த்துடலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். புதுக் கண்டில் பச்சை வரும் இடம் வரைக்கும் நூலை எடுத்து வெட்டித் தனியாகச் சுற்றி வைத்துவிட்டு, அந்தப் பச்சையிலிருந்து தொடங்குங்கள். வெட்டிய உருண்டை வீணாகாது. ஓரத்துக்கோ கடைசிப் பட்டைக்கோ உதவும். பழைய கண்டின் பச்சை பாதி ஓடியிருந்தால், புதியதிலும் பாதிப் பச்சையிலிருந்து சேருங்கள். அப்போதுதான் பட்டை அகலம் ஒத்துப்போகும்.

இதைவிட முக்கியம், நிறம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. ஒரு கண்டை நடுவிலிருந்தும் இன்னொன்றை வெளியிலிருந்தும் இழுத்தால் நிறங்களின் வரிசை தலைகீழாகிவிடும். நீலம், பச்சை, மஞ்சள் என்று போனது மஞ்சள், பச்சை, நீலம் என்று திரும்பும். எட்டு வரிசை போட்ட பிறகுதான் கண்ணில் படும். நான் பிரித்த மூன்றில் ஒன்று இதற்காகத்தான்.

கண்டுக்கு நடுவில் ஆலையிலேயே போட்ட முடிச்சு வந்தால் உஷார். முடிச்சுக்கு அந்தப் பக்கம் நிறம் எங்கேயோ தாவியிருக்கலாம். அவிழ்த்து, சரியான நிறம் வரும்வரை ஓட்டி, பிறகு இணையுங்கள்.

கேள்வி: கண்ணு, எனக்கு அறுபத்தெட்டு வயசு. பெரிய போர்வை போட ஆசைதான். விரல் மடக்கினா வலிக்குது.

பதில்: அம்மா, தாராளமாகப் போடலாம், ஒரே துண்டாக மட்டும் வேண்டாம். போர்வை வளர வளர அதன் பாரம் முழுக்க மணிக்கட்டில் தொங்கும். 20 சென்டிமீட்டர் அகலப் பட்டிகளாகப் போட்டு, பிறகு யாரையாவது கூட வைத்துக்கொண்டு இணைத்துவிடுங்கள். குட்டை வரிசை என்பதால் நிறப்பட்டையும் அகலமாக விழும். கைப்பிடி தடிமனாக இருக்கும் ஊசி வாங்குங்கள், பென்சில் பிடிப்பதுபோல் இறுக்க வேண்டியிருக்காது. தண்டுத் தையல் விரலை வருத்தும். பின் இழை சிங்கிளே உங்களுக்குப் போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வைத்துவிடுங்கள், அம்மா. வலி விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: மேடம், எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கப்போகுது. நானே கத்துக்கிட்டுப் போடறேன். எந்த நூல் நல்லது?

பதில்: தம்பி, படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. மிஷினில் துவைக்கக்கூடிய மென்மையான அக்ரிலிக், இல்லையென்றால் பருத்திக் கலப்பு. முழுப் பருத்தியில் வாஃபிள் போட்டால் கனம் கூடிவிடும். நனைந்தால் இன்னும் கனம், தொங்கி நீளும். வாங்கும் முன் நூலைக் கழுத்தில் உரசிப் பாருங்கள். உங்கள் கழுத்தில் குத்தினால் குழந்தைக்கும் குத்தும். பாபிள் வேண்டாம், சின்ன விரல் மாட்டும் துளையும் வேண்டாம். 75க்கு 90 சென்டிமீட்டர் போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக்கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. நீங்கள் போட்டதைத் தரையில் விரித்து விளையாட விடுங்கள், விழித்திருக்கும்போது பக்கத்தில் நீங்கள் இருக்கப் போர்த்துங்கள்.

கேள்வி: முடிச்ச போர்வை சுருண்டு நிக்குது. இஸ்திரி போடலாமா?

பதில்: அக்ரிலிக் என்றால் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். சூட்டில் இழை இளகிப் படிந்துவிடும், மறுபடி எழாது. என் நாலாவது போர்வையின் ஒரு மூலையில் ஆவியை மிக அருகில் பிடித்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு வாஃபிள் சதுரங்கள் அமுங்கி வழவழவென்று ஆகிவிட்டன. இன்றும் அந்த மூலையைத் தடவினால் விரலுக்குத் தெரியும். நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்து, ஓரங்களைக் கையால் நேர்படுத்திக் காயவிடுங்கள். கம்பளியும் இதே முறைதான், வெந்நீர் மட்டும் கூடாது.

கேள்வி: நடுவரிசையில நிறம் மாறினா வெட்டி ஓரத்துக்குக் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நுனி. அத்தனையையும் ஊசியில் கோத்து மறைக்க வேண்டும். வெட்டாமல் ஓடுவதற்காகத்தானே இந்த நூலையே வாங்கினோம்.

கேள்வி: ஓரத்துக்கு எந்த நிறம்?

பதில்: இதே நூலில் ஓரம் கட்டாதீர்கள். நாலு பக்கமும் நிறம் கண்ட இடத்தில் மாறி, உள்ளே இருக்கும் வரியைக் குழப்பும். நூலில் இருக்கும் நிறங்களிலேயே மிக அடர்ந்ததை எடுத்து, அதே கனத்தில் ஒற்றை நிற நூல் வாங்குங்கள். சிங்கிளில் ஒரு சுற்று: பக்க ஓரத்தில் ஒரு டபிள் வரிசைக்கு இரண்டு தையல், மூலைக்கு மூன்று. ஓரம் அலை அலையாக நின்றால் தையல் அதிகம், உள்ளே இழுத்தால் குறைவு. அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்யுங்கள். இரண்டாம் சுற்றை இடமிருந்து வலமாகப் பின்னோக்கிப் போடும் நண்டுத் தையலில் முடித்தால் விளிம்பு கயிறு முறுக்கினாற்போல் உருண்டு நிற்கும். இடக்கைக்காரர்கள் இதை வலமிருந்து இடமாகப் போடவேண்டும்.