வாசகர் கேள்விகள்: பழைய கடைகளும் விமானங்களும் புதியவர்களிடம் தோற்பது ஏன்?

கேள்வி: அனுபவம், பணம், ஆள்பலம் எல்லாம் இருந்தும் பழைய விமான நிறுவனங்கள் புதிதாக வந்தவர்களிடம் தோற்றுப்போகின்றன. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து கண்ணில் படவில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் நன்றாகவே பட்டிருக்கிறது. அறியாமையால் வீழ்ந்தவர்களைவிட, தெரிந்திருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் வீழ்ந்தவர்களே அதிகம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1938 முதல் நாற்பது ஆண்டுகள், எந்த நிறுவனம் எந்த ஊர்களுக்கிடையே பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு வாரியமே தீர்மானித்தது. செலவு கூடினால் வாரியத்திடம் விண்ணப்பித்துக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளலாம் என்ற நிலையில், சம்பள ஒப்பந்தங்களில் தாராளமாக நடந்துகொள்வதற்கு எந்த நிர்வாகமும் அஞ்சவில்லை. விலையில் போட்டியிட வழியில்லாததால் உபசரிப்பில் போட்டியிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் போயிங் 747 விமானங்களில் பயணிகள் சுற்றி நின்று பாடுவதற்காக ஒரு மின்பியானோவையே வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1978 அக்டோபர் 24 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. கட்டணக் கட்டுப்பாடு போயிற்று. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை நம்பிச் செய்துகொண்ட சம்பள ஒப்பந்தங்களும், ஓய்வூதிய வாக்குறுதிகளும், பலவகை விமானங்களும் அப்படியே இருந்தன. பழைய விமான நிறுவனங்களில் பிரானிஃப் 1982இல் நின்றது. ஈஸ்டர்னும் பான் ஆமும் 1991இல் மறைந்தன.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு தடத்தில் புதியவர் பாதி விலைக்கு விற்கும் ஒவ்வொரு இருக்கையும் அவருக்குப் புது வருமானம். பழையவரும் அதே விலைக்கு இறங்கினால், அதுவரை முழு விலை கொடுத்துக்கொண்டிருந்த பயணிகளின் பணமும் சேர்ந்தே குறைகிறது. இறங்காவிட்டால் பயணிகள் மெதுவாகப் போய்விடுவார்கள், இறங்கினால் வருமானம் உடனே போய்விடும் என்ற நிலையில், அடுத்த காலாண்டுக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய நிர்வாகி மெதுவான இழப்பையே தேர்ந்தெடுக்கிறார். அது முட்டாள்தனம் அல்ல. அவர் இருக்கையில் உட்கார்ந்தால் நம்மில் பலரும் அதையே செய்வோம்.

கேள்வி: குறைந்த கட்டண விமானங்கள் மலிவாக இருப்பதற்குச் சாப்பாடு தராததுதானே காரணம்?
– வாசகி, ஈரோடு

பதில்: சாப்பாட்டில் மிச்சமாகும் தொகை சிறியது. பெரிய மிச்சம் விமானத்தைச் சும்மா நிற்கவிடாததில் கிடைக்கிறது. விமானம் வானில் இருக்கும்போது மட்டுமே சம்பாதிக்கிறது. குத்தகைத் தொகையோ அது தரையில் நின்றாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்துக்குள் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. மாநில எல்லையைத் தாண்டாததால் மத்திய வாரியத்தின் கட்டுப்பாடு அதற்கு இல்லை. மறு ஆண்டே பணமுடை வந்து, இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு விமானங்களுக்கான அட்டவணையை மூன்றைக் கொண்டே ஓட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில், தரையிறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் மறுபடி கிளப்பும் பழக்கம் அங்கே பிறந்தது. போயிங் 737 என்ற ஒரே வகை விமானத்தை வைத்துக்கொண்டதால், எந்த விமானியையும் எந்த விமானத்திலும் ஏற்றலாம், உதிரிபாகங்களை ஒரே வகையாக அடுக்கி வைக்கலாம். 1973 தொடங்கி 2019 வரை தொடர்ந்து 47 ஆண்டுகள் அது லாபத்தில் ஓடியது.

இதோடு, புதியவர்களுக்குப் புதியவர்களாக இருப்பதாலேயே கிடைக்கும் ஒரு சலுகையும் உண்டு. விமானங்கள் புதியவை என்பதால் பெரிய பராமரிப்புச் செலவு இன்னும் வந்திருக்காது. ஊழியர்கள் எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்பதால் பணிமூப்புக்கான சம்பள உயர்வும் சேர்ந்திருக்காது. ஓய்வு பெற்றவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். திறமையால் வந்த மலிவு எவ்வளவு, இளமையால் வந்த மலிவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் புதிய நிறுவனங்களைப் பாராட்டுவது பத்திரிகைகளின் பழைய வழக்கம்.

கேள்வி: ஜெட் ஏர்வேஸ் நல்ல சேவைக்குப் பெயர் பெற்றது. அதை இண்டிகோ எப்படி முந்தியது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஜெட் 1993இல் தொடங்கியபோது அதுவே புதியவர், அரசு நிறுவனமான இந்தியன் ஏர்லைன்ஸின் பயணிகளை நல்ல சேவையால் ஈர்த்து வளர்ந்தது. 2003இல் ஏர் டெக்கான் வந்து, விமானப் பயணத்தை ரயிலின் மேல்வகுப்புப் பயணிகளுக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்த பிறகு, போட்டி எதைப் பற்றியது என்பதே மாறிவிட்டது. இண்டிகோ 2006 ஆகஸ்டில் முதல் விமானத்தை இயக்கும் முன்பே, 2005இல், நூறு ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. மொத்தமாக வாங்கியதால் விலை குறைந்தது. விமானம் கைக்கு வந்ததும் அதைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அவர்களிடமிருந்தே குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகளில், பெரிய பராமரிப்புச் செலவு வருவதற்கு முன்பே, திருப்பிக் கொடுத்துவிடும் முறையை அது கடைப்பிடித்தது. மேலே சொன்ன இளமைச் சலுகையைத் திட்டமிட்டு நீட்டித்துக்கொண்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

ஜெட்டிடம் ஏடிஆர், 737, ஏ330, 777 என்று பலவகை விமானங்கள் இருந்தன. 2007இல் ஏர் சகாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கி ஜெட்லைட் என்று பெயர் சூட்டியது. பிறகு ஜெட் கனெக்ட் என்று இன்னொரு மலிவுச் சேவையையும் தொடங்கியது. ஒரே நிறுவனத்தின் ஒரு விமானத்தில் சாப்பாடு உண்டு, இன்னொன்றில் காசு கொடுக்க வேண்டும் என்ற குழப்பத்தில் பயணி தவித்தாரே தவிர, செலவு குறையவில்லை. 2018இல் எரிபொருள் விலை ஏறி, ரூபாயின் மதிப்பும் சரிந்தபோது, டிக்கெட் விலையை உயர்த்த வழியில்லாமல் போயிற்று. ஏனென்றால் இண்டிகோ உயர்த்தவில்லை. 2019 ஏப்ரல் 17 இரவோடு ஜெட்டின் சேவை நின்றது. 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கேள்வி: பழைய நிறுவனமே ஒரு மலிவு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மிகப் பலர் முயன்ற வழி இது. அமெரிக்காவில் யுனைட்டெட் நிறுவனம் 1994இல் ஷட்டில் என்ற சேவையையும் 2004இல் டெட் என்ற சேவையையும் தொடங்கியது. டெல்டா 2003இல் சாங் என்பதைத் தொடங்கியது. மூன்றும் மூடப்பட்டன. விமானத்துக்கு வேறு வண்ணம் பூசினார்களே தவிர, அதை ஓட்டியவர்கள் தாய் நிறுவனத்தின் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு உட்பட்ட விமானிகளே. தலைமையகச் செலவும் அதேதான். ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் 2004இல் தொடங்கிய ஜெட்ஸ்டாரோ இன்றுவரை நன்றாக நடக்கிறது. தாய் நிறுவனம் சிட்னியில் இருக்க, ஜெட்ஸ்டாரின் தலைமையகத்தை மெல்போர்னில் வைத்து, நிர்வாகத்தையும் சம்பள ஒப்பந்தங்களையும் தனியாகப் பிரித்ததே அதற்குக் காரணம்.

இதைவிடச் சுவையான சான்று சில்லறை வணிகத்தில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நான்கு மலிவு விலைக் கடைகள் பிறந்தன: கேமார்ட், டார்கெட், வூல்கோ, வால்மார்ட். இவற்றில் முதல் மூன்றைத் தொடங்கியவர்கள் புதியவர்கள் அல்லர். கிரெஸ்கி, டேட்டன், வூல்வொர்த் என்ற பழம்பெரும் கடை நிறுவனங்கள். சிறு ஊர்களில் கிளை உரிமம் பெற்றுக் கடைகள் நடத்திக்கொண்டிருந்த சாம் வால்டன் ஒருவரே பெரிய பின்புலம் இல்லாதவர். ஆகவே பழையவர்களுக்கு வரவிருப்பது தெரியவில்லை என்ற வாதம் இங்கே எடுபடாது.

அதன்பின் நடந்தது மூன்று வகை. கிரெஸ்கி தன் பழைய கடைகளைக் கிட்டத்தட்ட கைவிட்டு முழு பலத்தையும் கேமார்ட்டில் போட்டது. 1977இல் நிறுவனத்தின் பெயரையே மாற்றிக்கொண்டது. டேட்டன் தன் உயர்தரப் பேரங்காடிகளோடு கலக்காமல் டார்கெட்டைத் தனியாக வளர்த்தது; 2000இல் தாய் நிறுவனமே குழந்தையின் பெயரைச் சூட்டிக்கொண்டது. வூல்வொர்த் மட்டும், சிக்கனம் என்று கருதி, 1970களின் தொடக்கத்தில் வூல்கோவின் நிர்வாகத்தையும் கொள்முதலையும் பழைய கடைகளோடு இணைத்தது. குறைந்த லாபத்தில் வேகமாக விற்க வேண்டிய கடையும், கூடுதல் லாபத்தில் நிதானமாக விற்கும் கடையும் ஒரே மேலாளர்களிடம் வந்தபோது, கூடுதல் லாபம் தருகிற வழக்கமே வென்றது. 1982இல் அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட வூல்கோ கடைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள்.

கேமார்ட் தப்பித்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. வால்மார்ட் தனக்கென்று கிடங்குகளையும் லாரிகளையும் கட்டமைத்து, 1987இல் செயற்கைக்கோள் வழியாக எல்லாக் கடைகளையும் இணைத்து, எந்தப் பொருள் எங்கே விற்கிறது என்று அன்றன்றே அறியத் தொடங்கியது. அந்த முதலீட்டில் பின்தங்கிய கேமார்ட் 2002 ஜனவரியில், கடன்காரர்களிடமிருந்து காக்கும்படி நீதிமன்றத்திடம் திவால் பாதுகாப்புக் கோரியது.

கேள்வி: சியர்ஸ் தன் தபால் வணிகத்தை மூடாமல் இருந்திருந்தால் அமேசான் இடத்தைப் பிடித்திருக்கும் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: கேட்கச் சுவையாக இருக்கிறது, நான் அவ்வளவாக நம்புவதில்லை. அமெரிக்காவின் பழம்பெரும் கடை நிறுவனமான சியர்ஸ், வாடிக்கையாளர்கள் பார்த்துத் தபாலில் பொருள் வாங்கிய தன் புகழ்பெற்ற பெரிய விலைப்பட்டியலை நிறுத்துவதாக 1993 ஜனவரியில் அறிவித்தது. அமேசான் 1994இல் பதிவானது. ஆண்டுகள் இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டதால் கதை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் நிறுத்தியபோது அந்தப் பிரிவு நஷ்டத்தில் இருந்தது. அதற்கு முன்பே, 1990ஐ ஒட்டிய காலத்தில், விற்பனையில் வால்மார்ட் சியர்ஸை முந்திவிட்டது. சியர்ஸை முதலில் வீழ்த்தியது இணையம் அல்ல. விலையுயர்ந்த வணிக வளாகங்களிலிருந்த கடைகளும், 110 மாடிக் கோபுரத்தில் வளர்ந்த தலைமையகமும், அவற்றின் செலவுமே.

பிந்தைய வீழ்ச்சிக்குக் கணக்கு வேறு. 2005இல் கேமார்ட்டோடு இணைந்தபின், கடைகளைப் புதுப்பிப்பதற்குச் செலவிட வேண்டிய பணம் தன் பங்குகளைத் தானே வாங்கிக்கொள்வதற்குப் போயிற்று. 2015இல் இருநூறுக்கும் மேற்பட்ட சொந்தக் கடைகளை விற்றுவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2018 அக்டோபர் 15 அன்று சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. முதலாளிகள் கறந்த பசுவைப் பற்றி, அது போட்டியால் செத்தது என்று எழுதுவது நியாயமில்லை. பொம்மைக் கடை நிறுவனமான டாய்ஸ் ஆர் அஸ் கதையும் இதே சாயல்தான். 2005இல் கடன் வாங்கி அதை வாங்கியவர்கள் அந்தக் கடனை அதன் தலையிலேயே ஏற்றிவைத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் பழைய நிறுவனம் வெல்ல வழியே இல்லையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. 1981இல் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்க விமான நிறுவனம், நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிலிருந்து மிக மலிவாகப் பறந்து பழைய நிறுவனங்களை நடுங்க வைத்தது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு புதிய கட்டணத்தை அறிவித்தது. முன்கூட்டியே பதிவு செய்பவர்களுக்கு, விமானத்துக்குச் சில இருக்கைகள் மட்டும், புதியவரின் விலைக்கே கிடைத்தன. கடைசி நேரத்தில் வரும் வியாபாரப் பயணி வழக்கம்போல் முழு விலை கொடுத்தார். எத்தனை இருக்கைகளை மலிவாக விற்பது என்பதை ஒவ்வொரு விமானத்துக்கும் கணினி கணக்கிட்டது. நான் முதலில் சொன்ன இக்கட்டை உடைத்த வித்தை இதுதான்: எல்லோருக்கும் குறைக்காமல், குறைத்தால் மட்டுமே வரக்கூடியவர்களுக்குக் குறைப்பது. அத்தகைய கணினி வசதி இல்லாத பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1986இல் விற்கப்பட்டு, மறு ஆண்டு காண்டினென்டல் என்ற விமான நிறுவனத்தோடு கரைந்தது. அண்மையில் அமெரிக்க மலிவு நிறுவனமான ஸ்பிரிட் ஏர்லைன்ஸுக்கும் இதே பாணியில் நெருக்கடி வந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் விமானங்களிலேயே வசதி குறைந்த மலிவு டிக்கெட்டுகளை விற்கத் தொடங்கிய பிறகு, அது 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்டிலும் இருமுறை திவால் பாதுகாப்புக் கோரியது.

கேள்வி: சென்னையில் தொடங்கிய சுபிக்‌ஷா மலிவாகத்தானே விற்றது? அது ஏன் நிற்கவில்லை?
– வாசகர், வேலூர்

பதில்: மலிவாக விற்பதும் மலிவாக நடத்துவதும் வேறு வேறு. 1997இல் தொடங்கிய சுபிக்‌ஷா, குளிரூட்டம் இல்லாத சிறு மளிகைக் கடைகள் என்ற நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. பிறகு கடன் வாங்கி நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள் வரை விரிந்தது. 2008இல் கடன் கிடைப்பது நின்றதும் சரக்கு வாங்கப் பணமில்லை. 2009இல் கடைகள் மூடப்பட்டன. தெருமுனை மளிகைக் கடைக்காரர் வீட்டு ஆட்களை வைத்து, பெரும்பாலும் சொந்த இடத்திலோ பழைய வாடகையிலோ நடத்துகிறார்; அவருடைய செலவோடு போட்டியிடுவது எந்தச் சங்கிலிக் கடைக்கும் எளிதன்று.

கேள்வி: பழையவர் ஒழிந்தால் மக்களுக்கு லாபம்தானே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: புதியவர் வரும்போது லாபம், பழையவர் போகும்போது அல்ல. ஜெட் நின்ற வாரங்களில் பல தடங்களில் கட்டணம் ஏறியது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் பறக்கிறார்கள். விமானிகளின் பணிநேரத்துக்கான புதிய விதிகளுக்குப் போதிய ஏற்பாடு செய்யாமல், 2025 டிசம்பரில் அந்த ஒரே நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை தாறுமாறாக ஏறி, மத்திய அரசே கட்டணத்துக்குத் தற்காலிக உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது.