1,600 கிலோ காரை டிராக்கில் இறக்கும் முன்: முதல் செலவு பிரேக் ஆயில்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். அத்தான் வெளிநாடு போகும்போது தன்னுடைய 2008 மாடல் பிஎம்டபிள்யூ 530ஐ காரை என்னிடம் விட்டுப் போனார். பெட்ரோல், ஆட்டோமேட்டிக், 1.2 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. வருடத்துக்கு நாலைந்து தடவை கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாள்) ஓட்ட ஆசை. மற்ற நாட்களில் ஊரிலும் ஓட்ட வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எடை குறை, டர்போ போடு, ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) வை என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கையில் நாலு லட்சம் இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: டர்போவை இன்றோடு மறந்துவிடுங்கள். நாலு லட்சமும் அதிலேயே கரைந்துவிடும், கார் நிற்காது. நிற்காது என்றால், பிரேக்கை மிதித்தால் நிற்காது என்கிறேன்.

நான் குன்னூரில் பட்டறை வைத்திருப்பவன். சீசன் நாளில் பர்லியாறு பக்கம் நின்று பாருங்கள், சமவெளியிலிருந்து வந்து மலை இறங்கும் வண்டிகளின் சக்கரத்திலிருந்து ஒரு கருகல் வாசனை வரும். இரண்டாவது கியரில் இறங்கத் தெரியாமல் பிரேக்கிலேயே வந்தவர்கள். டிராக்கில் உங்கள் காருக்கு நடக்கப்போவதும் அதேதான், பத்து மடங்கு வேகமாக. மலையில் கியரைக் குறைத்து பிரேக்குக்கு ஓய்வு கொடுக்கலாம். டிராக்கில் அந்த வசதி பேருக்குத்தான் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. ஆளும் பெட்ரோலும் சேர்த்து உங்கள் கார் 1,650 கிலோ என்று வையுங்கள். 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு ஒரே மிதியில் குறைத்தால் ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் சூடு பிரேக்கில் இறங்குகிறது. நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது கிட்டத்தட்டப் போதும். ஆளோடு 1,050 கிலோ வரும் ஒரு ஸ்விஃப்ட் அதே வேலையைச் செய்தால் இரண்டரை லிட்டர். கரி டிராக் ஒரு சுற்றுக்கு 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் நெருக்கம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், அங்கே டிஸ்க் கொஞ்சம் மூச்சு விடும். கரி டிராக் இருக்கும் செட்டிபாளையத்தில் ஒரு கொதி ஆறுவதற்குள் அடுத்த கொதி.

ஒரு தடவை நானே சூடுபட்டேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு நண்பரின் பெரிய சலூனை டிராக்குக்கு எடுத்துப்போனேன். பேட் புதுசு, டிஸ்க் நல்லாயிருந்தது. பிரேக் ஆயிலை மட்டும் பார்க்கவில்லை, முழுக்க என் சோம்பேறித்தனம். நாலாவது லேப்பில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி தரையைத் தொட்டது. இரண்டு மூன்று தடவை பம்ப் செய்ததில் பாதி பிரேக் கிடைத்து, மண்ணில் இறங்கி நின்றேன். பட்டறைக்கு வந்து பின்சக்கர காலிப்பரில் (டிஸ்க்கில் பேடை அழுத்தும் பாகம்) பழைய ஆயிலை வெளியே விடும் ப்ளீடிங் நிப்பிளைத் திறந்தேன். டியூப் வழியே பாட்டிலில் விழுந்தது பழைய டிகாஷன் நிறம், நடுநடுவே பொடிக் குமிழிகள். புது ஆயில் தேன் மாதிரி வெளிறி இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். வருடத்தில் பல மாதம் மேகத்துக்குள்ளேயே நிற்கும் கோத்தகிரிக் காருக்கு இது இரண்டு மடங்கு கவலை. அதனால் முதல் செலவு, எல்லாவற்றிலும் மலிவான செலவு, இதுதான்: டிராக்குக்குப் போகும் வாரத்தில் நாலு சக்கரமும் ப்ளீட் செய்து, அதாவது நிப்பிள் வழியே பழசை வடித்து, முழு ஆயிலையும் மாற்றுங்கள். கொதிநிலை கூடிய டாட் 4 கிடைக்கும், அல்லது டாட் 5.1. டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் வகை, அதைத் தொடாதீர்கள். திறந்த டப்பாவில் மிச்சம் இருப்பதை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது பேட். இங்கேதான் மலைக்காரர்கள் ஏமாறுவார்கள். முழு ரேஸ் பேட் சூடானால்தான் கடிக்கும். ஜனவரிக் காலையில் பனி கொட்டியிருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் பாருங்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் மரப்பலகையை மிதிப்பது போலிருக்கும். எதிரே லாரி வருகிறதோ காட்டெருமை நிற்கிறதோ, சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டியது ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுத்தரமான பேட். அல்லது கீழே போய் மாற்றிக்கொள்ளுங்கள். டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் பிட்டில் அரை மணி நேர வேலை. ரப்பர் பிரேக் ஹோஸுக்கு பதிலாக ஸ்டீல் பின்னல் ஹோஸ், முன் டிஸ்க்குக்குக் காற்று போகிற மாதிரி பம்பரிலிருந்து ஒரு குழாய். பெரிய டிஸ்க் ஆசையை இரண்டாவது வருடத்துக்குத் தள்ளுங்கள். உங்கள் காரின் தலைமுறைக்கு இ60 என்று பெயர், அதே குடும்பத்தில் பெரிய எஞ்சின் வண்டிகளின் டிஸ்க், காலிப்பர் பழைய உதிரிபாகமாகக் கிடைக்கும். பார்ட் நம்பரும் வீல் இடைவெளியும் பார்த்து வாங்கினால் போதும்.

டயருக்கு வருவோம். வண்டியோடு வந்தது ரன்ஃபிளாட் டயராக (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) இருந்தால் கழற்றுங்கள். பக்கச் சுவர் கட்டியானது, எடையும் அதிகம். அதே அளவில் நல்ல சாதா டயர் போதும், ஆனால் டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோட் இண்டெக்ஸ் எண்ணைக் குறைக்காதீர்கள். 94 என்று போட்டிருந்தால் அந்த டயர் 670 கிலோ தாங்கும். வேகமாக வளையும்போது வெளிப்பக்க முன் டயரில் பாதி கார் ஏறி உட்காரும். சைஸ் ஒத்துப்போகிறதே என்று சின்னக் கார் டயரைத் தலையில் கட்டும் கடைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

காற்று விஷயத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. கோத்தகிரி 1,800 மீட்டர் உயரம், கோயம்புத்தூர் 400ஐ ஒட்டி. கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் டயர் காற்றை அளக்கும் கேஜில் இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும். ஆனால் விடிகாலை 15 டிகிரியில் அடித்த காற்று கீழே 32 டிகிரியில் அதே இரண்டு, இரண்டரையை ஏற்றிவிடும். ஒன்றுக்கொன்று கழிந்து, மேலே காட்டியதே கீழேயும் காட்டும். அதை நம்பி அப்படியே டிராக்கில் இறங்காதீர்கள். நாலு லேப்பில் இன்னும் ஐந்தாறு ஏறும். உள்ளே வந்தவுடன், டயர் ஆறும் முன், சொந்த கேஜால் பார்த்து, ஏறியதை இறக்குங்கள். மாலையில் மறக்காமல் திரும்ப நிரப்புங்கள்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியது பவர் இல்லை. சொந்த மலையில் மெல்லிய காற்றில் ஓடிப் பழகிய உங்களுக்கு, கீழே இறங்கினாலே கார் புது உற்சாகத்தோடு இழுப்பது தெரியும். கவலை வேறு. இந்த வண்டியில் இருப்பது என்52 எஞ்சின். வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சத்தமோ கசிவோ காட்டாமல் ஒரு நாள் நின்றுவிடும். இந்த வயதில், எப்போது மாற்றினார்கள் என்ற பில் கையில் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றுங்கள். கூலண்ட் டப்பாவும் ஹோஸ் முனைகளும் பிளாஸ்டிக், அவையும் சேர்த்துத்தான். அப்புறம் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட். டார்ச் அடித்து அதன் அடியைப் பாருங்கள். கருப்பு ஈரம் தெரிந்தால் அது சொட்டுச் சொட்டாக ஃபேன் பெல்ட்டில் விழுகிறது. ஊறிய பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள் போன கதை இந்த எஞ்சினில் உண்டு. சில நூறு ரூபாய் ரப்பர், எஞ்சினையே காலி பண்ணிவிடும்.

ஆயில் அளவு பார்க்கக் குச்சியும் இதில் கிடையாது, திரையில்தான் காட்டும். டிராக்குக்கு அளவு நிறைவாக இருக்க வேண்டும், குறைவோடு போகாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்றவேண்டாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரும் பிளாஸ்டிக் தட்டும் ஒரே துண்டு, சேர்த்தே மாற வேண்டும்.

இப்போது எடை. நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. பின்சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கி தரை, கார்ப்பெட் எல்லாவற்றையும் டிராக் நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அதற்குமேல் ஒலித்தடுப்புப் பலகைகளையும் முன்சீட்டையும் சேர்த்து மல்லுக்கட்டினால் 150 கிலோவைத் தொடலாம். பிரேக் சூட்டில் அது நூற்றுக்கு ஒன்பது. நல்லதுதான், ஆனால் பிரேக் ஆயில் தரும் நிம்மதிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் சுலபமான எடைக்குறைப்பு பெட்ரோல். 70 லிட்டர் டேங்க் நிரம்பினால் 50 கிலோவுக்கு மேல். மேட்டுப்பாளையத்தில் நிரப்பாமல் பாதி டேங்கோடு போங்கள். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள், நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் திக்கும்.

முன்சீட்டைக் கழற்றுவதாயிருந்தால் ஒன்று கேளுங்கள். சீட்டுக்கடியில் ஏர்பேக் அமைப்பின் கனெக்டர் இருக்கிறது, பெல்ட் கொக்கியும் சீட்டோடு சேர்ந்தது. பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம்தான் மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். என் யோசனை, கழற்றவே வேண்டாம். ரேஸ் சீட், நாலு முனை பெல்ட் என்று ஆரம்பித்தால் கூரையைத் தாங்க ரோல் பார் என்ற இரும்பு வளைவும் வைத்தாக வேண்டும். கார் கவிழ்ந்து கூரை அமுங்கும்போது சாதா பெல்ட்டில் உடம்பு சாயும். நாலு முனை பெல்ட் நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளும். ரோல் கேஜை வைத்துக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் போவது அதைவிட மோசம். சின்ன மோதலிலும் தலை இரும்புக் குழாயில்தான் இடிக்கும்.

சட்டப் பக்கமும் இதையே சொல்கிறது. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அந்த வருடத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமே கூட விதிக்கலாம். உரிமையாளர் இன்னும் உங்கள் அத்தான்தான் என்றால் நோட்டீஸ் அவர் பேருக்கு வரும், வீட்டில் பதில் சொல்வது நீங்கள். 2008 வண்டிக்கு 15 வருடம் 2023இலேயே முடிந்திருக்கும். ஆர்.சி. புதுப்பித்தீர்களா என்று எழுதவில்லை. இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள்: பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் பொறுப்பில்லை என்று அதிலேயே இருக்கும். டிராக்கில் இடித்தால் செலவு உங்கள் பையிலிருந்து.

பயிற்சியை மலைப்பாதையில் செய்து பார்க்கலாமே என்ற எண்ணம் வரும். வேண்டாம். ஊரில் டானிங்டன் என்று ஒரு இடம் இருக்கிறது என்பதற்காக கோத்தகிரி அதே பெயர் கொண்ட இங்கிலாந்து ரேஸ் டிராக் ஆகிவிடாது. பொதுச் சாலையில் வேகப்போட்டி 189ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? பாதியை வண்டி நலத்துக்கு வையுங்கள்: பம்ப், கேஸ்கெட், கியர்பாக்ஸ் ஆயில், முன்பக்க சஸ்பென்ஷனின் ஆர்ம், புஷ், பால் ஜாயிண்ட். மிச்சத்தில் பெரும்பங்கு டயருக்கும் பிரேக்குக்கும். ஹெல்மெட்டும் டிராக் கட்டணமும் போக ஏதாவது மீந்தால், முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள ஒருவருக்குக் கொடுங்கள். லேப் நேரம் மட்டுமே குறி என்றால் இதே காசில் பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கினால் உங்கள் பிஎம்டபிள்யூவை வளைவுக்கு வளைவு அலைக்கழிக்கும். நீளமான பானெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறு சிலிண்டர் சத்தத்தைக் கேட்டபடி வளைப்பதுதான் ஆசை என்றால், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை.

டிராக்கில் மூன்று லேப் விரட்டினால் ஒரு லேப் பிரேக்கைத் தொடாமல் சுற்றி ஆற விடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் பி-யில் போட்டுவிட்டு பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மிதித்தே உட்கார்ந்தால் பேட் சூட்டோடு டிஸ்க்கில் ஒட்டும், அப்புறம் ஸ்டியரிங் நடுங்கும். கார் வழுக்காமல் பிடிக்கும் டிஎஸ்சி அமைப்பின் பட்டனை ஒரு தடவை லேசாக அழுத்தினால் பாதிக் கட்டுப்பாடு மிஞ்சும், நீளமாக அழுத்தினால் ஒன்றுமிருக்காது. முதல் வருடம் லேசாக அழுத்துவதே போதும். மாலையில் மலை ஏறும் முன் வீல் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்குச் சரிபாருங்கள். சூடாகி ஆறியதில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

இப்போதைக்கு இரண்டு வேலை. டயர் பக்கச் சுவரில் வாரமும் வருடமும் சேர்ந்த நாலு இலக்க எண் இருக்கும், நாலு டயரிலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் காலிப்பரிலிருந்து அரை டம்ளர் பிரேக் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். நிப்பிளை மூடிய பிறகு பானெட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் புது ஆயில் விட்டு அளவைச் சரிசெய்ய மறக்காதீர்கள். இரண்டையும் அனுப்புங்கள். எந்த டயர், எந்த பேட் என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.