700 ரூபாய்க்கு வருகிற ஆள்

கேள்வி: நான் ராமேஸ்வரத்தில் பெயின்ட் வேலை செய்கிறவன். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று எங்கே வேலை இருந்தாலும் போவேன். 900 ரூபாய் கேட்டால் மேஸ்திரி, "அப்போ நீ இரு, கேம்ப்பில் சொன்னால் 700க்கு வருவான்" என்கிறார். மண்டபம் கேம்ப்பில் இருக்கிற இலங்கை அகதிகளைத்தான் சொல்கிறார். அவர்களுக்கு அரசாங்கம் வீடு தருகிறது, மாசாமாசம் பணம் தருகிறது, அரிசி தருகிறது. எங்களுக்கு என்ன? இலங்கையில் சண்டை முடிந்தும் வருஷக்கணக்காகிவிட்டது. இவர்கள் எப்போதுதான் திரும்பிப் போவார்கள்?
(பெயர் வேண்டாம், ராமேஸ்வரம்)

பதில்: 700க்கு வருகிறவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், இடம் கருதி நான் சுருக்கிவிட்டேன். 700 கொடுக்கிறவரைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது.

வீட்டுக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டார். நீங்கள் போனாலும் கேம்ப் ஆள் போனாலும் அந்த ரேட் மாறப்போவதில்லை. அப்படியானால் நடுவில் குறைகிற 200 ரூபாய் எங்கே போகிறது? வீட்டுக்காரருக்கும் போகவில்லை, கேம்ப்காரருக்கும் போகவில்லை. இரண்டு பேரையும் ஒருவரை ஒருவர் காட்டி பயமுறுத்தி அந்த நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறவரோடு நீங்கள் தினமும் டீ குடிக்கிறீர்கள். கோபத்தை மட்டும் கேம்ப் பக்கம் திருப்பிவிட்டுவிட்டீர்கள்.

அவர் ஏன் 700க்கு வருகிறார் என்று யோசித்தீர்களா? ஆசைப்பட்டு எவனாவது கூலியைக் குறைத்துக்கொள்வானா? மண்டபத்தில் கேம்ப்பை ஒட்டி ஒரு டீக்கடை. அங்கே ஒருவரைப் பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் வெள்ளை எனாமல். மறுநாள் செக்கிங், அதாவது முகாமில் ஆளை எண்ணுகிற நாள். நாளைக்கு வர முடியாது என்று மேஸ்திரிக்கு போனில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வருமோ என்று டீயைத் தொடாமலே வைத்திருந்தார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. செக்கிங்கில் ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும், அப்புறம் பெயரையே எடுத்துவிடுவார்களோ என்ற பயம். நல்ல கூலி கிடைக்கிறது என்று கேரளாவுக்கோ பெங்களூருக்கோ போய் மூன்று மாதம் தங்கி வேலை பார்த்துவிட்டு வர உங்களால் முடியும். அவர் வெளியூர் போய்த் தங்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். மேஸ்திரி கூலி பாக்கி வைத்தால் நீங்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவீர்கள். அவர் போட மாட்டார். சின்னத் தகராறில் மாட்டினாலும் கேஸ் என்று ஆகி, வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்து வைக்கிற திருச்சி சிறப்பு முகாமில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களோ என்று நினைக்கிறவர், பாக்கியைக் கேட்காமலே விட்டுவிடுவார். டீக்கடையில் நான் பார்த்தவருக்கு அப்போது மூன்று வாரக் கூலி பாக்கி.

ஆக, அவருடைய மலிவு அவர் கையில் இல்லை, நம் சட்டம் அவரை வைத்திருக்கிற இடத்தில் இருக்கிறது. அவருக்கு ஒழுங்கான காகிதம் ஒன்று கிடைத்துவிட்டால் மறுநாளே அவரும் 900 கேட்பார், உங்கள் கூலியும் தப்பிக்கும். அவரைத் துரத்தினால் மேஸ்திரி வேறு யாரையாவது 650க்குத் தேடிப் பிடிப்பார், அவ்வளவுதான்.

சரி, அந்த அரசாங்கப் பணம். 2021இல் உயர்த்திய கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மொத்தம் 3,500. நீங்கள் கேட்கிற கூலியில் இது நாலு நாள் வேலைக்குக்கூடக் காணாது. இலவச அரிசி உங்களுக்கும் ரேஷனில் வருகிறது. வீடு என்கிறீர்களே, பல குடும்பங்கள் இத்தனை வருஷமாகப் பத்துக்குப் பத்து அறையில்தான் ஒண்டிக் குடித்தனம். அதே 2021இல்தான் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவதாக மாநில அரசு அறிவித்தது. அந்த வீட்டுக்கும் பட்டா கிடையாது. இடிந்து விழுகிற அறைக்குப் பதில் ஒரு ஓட்டை இல்லாத கூரை கொடுப்பதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷம் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றும் மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. செக்கிங் நிற்கவில்லை.

எப்போது போவார்கள் என்று கேட்கிறீர்கள். யார் போக வேண்டும்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990இலும், 95, 96இலும், 2006இலும் என்று அலை அலையாக 3 லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் திரும்பியோ வேறு நாடு போயோ விட்டார்கள். மிஞ்சியிருக்கிறவர்களில் கணிசமானவர்கள் இங்கேயே பிறந்து, உங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்து, பிளஸ் டூ முடித்து, அரசு வேலைக்கு மனு போட முடியாமல் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்தவர்கள். அவர்கள் எங்கே 'திரும்பி'ப் போவது? இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை கிடைக்கும் என்பது 1987 ஜூலை 1 முதல் மாறிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் மண்டபத்திலேயே பிறந்த ஒரு பெண், சட்டப்படி பிறப்பிலேயே இந்தியர், அதைச் சொல்ல நீதிமன்றம் வரை போய், பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டார். முறைப்படி இலங்கைக்குத் திரும்பிப் போனவர்களுக்காவது நல்ல வரவேற்பா என்றால், 2025இல் இங்கிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவரை, அன்றைக்குச் சட்டவிரோதமாக நாட்டைவிட்டுப் போனாய் என்று சொல்லிப் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். குண்டு விழும்போது குடியேற்ற அதிகாரியிடம் முத்திரை குத்திக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

நம் பக்கமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தர 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கை என்ற பெயரே அதில் வரவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போட மாட்டோம் என்ற விலக்கு 2025 செப்டம்பரில் வந்தது. 1983இலிருந்து எண்ணினால் 42 வருஷம்! அதுவும் குடியுரிமை இல்லை, ஜெயிலில் போட மாட்டோம் என்ற உறுதிமொழி மட்டும்தான்.

இன்னொன்று, அந்தக் கேம்ப் இருக்கிற இடமே உங்களுக்குத் தெரியாத இடம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு கப்பலேற்றிய இடம் அது. ராமநாதபுரத்து ஆளும், புதுக்கோட்டை ஆளும், திருச்சி ஆளும் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளை 1948இல் இலங்கை அரசு நாடற்றவர்கள் ஆக்கியது. கலவரத்தில் அடிபட்டுத் தாத்தா போன வழியிலேயே ஓடி வந்தவர்கள் நம் முகாம்களில் உண்டு. அவர்களைப் பார்த்து 'சிலோன்காரன்' என்கிறோம், அங்கே அவர்களுக்கு 'இந்தியாக்காரன்' என்று பெயர்.

ஒரு விஷயத்தில் உங்கள் ஊரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1990இல் இரவோடு இரவாகப் படகு படகாக வந்து இறங்கியபோது முதலில் கஞ்சி காய்ச்சி ஊற்றியது ராமேஸ்வரத்துத் தெருக்கள்தான். அரசாங்கம் அப்புறம் வந்தது. 64 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கட்டிய துணியோடு வந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஊரை இழப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 91இல் ராஜீவ் கொலைக்குப் பிறகுதான் அந்த முகம் மாறியது. போலீஸ் கேம்ப்பை மட்டுமா சோதித்தது, உங்கள் படகுகளையும்தானே சோதித்தது. வலை கட்டப் போனவனையும் நிறுத்தி விசாரித்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் இருப்பது எனக்குப் புரிகிறது. கடலிலும் இதே கதைதான். நம் விசைப்படகு கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடியைப் போட்டுக்கொண்டு போனால் அறுபடுவது இலங்கையில் மன்னார் பக்கத்துப் பேசாலைக்காரன் வலை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. அந்த வலைக்காரனின் தம்பியோ மச்சானோ மண்டபம் கேம்ப்பில் உட்கார்ந்துகொண்டு, இங்கே நம் மீனவனை இலங்கை நேவி பிடித்துவிட்டது என்ற செய்தியையும், அங்கே அண்ணன் வலை போய்விட்டது என்ற போனையும் ஒரே நாளில் கேட்கிறான். எந்தப் பக்கம் பேசுவான், பாவம்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் கேம்ப் ஆட்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, 900க்குக் கீழே யாரும் போவதில்லை என்று பேசி முடித்தால் மேஸ்திரிக்கு வேறு வழியில்லை. கேம்ப் ஆட்கள் முன்னால் நிற்கப் பயப்படுவார்கள், ஆகவே பேச்சை நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும். பாக்கிக் கூலியைக் கேட்கப் போகும்போது அவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஓட்டும் ரேஷன் கார்டும் உள்ள ஆள் நீங்கள்.

கடைசிப் பக்கத்தின் மூலையில், "பெயரைப் போட்டுவிடாதீர்கள், என் மனைவியின் அக்காவைக் கேம்ப்பில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது, வீட்டில் சண்டை வந்துவிடும்" என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். போடவில்லை. உங்கள் சகலை என்ன வேலைக்குப் போகிறார்? எத்தனை ரூபாய்க்கு?