வறண்ட செபம் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு, கொள்ளுப்பிட்டியில் கந்தோர் வேலை. ஞாயிறு பூசை தவறியதில்லை. செவ்வாய் தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவேன். பங்கில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். ஏறக்குறைய ஒரு வருடமாகச் செபத்தில் ஒன்றுமே இல்லை. செபமாலை சொன்னால் வாய் மட்டும் அசைகிறது. நற்கருணை வாங்கி வந்து முழந்தாளிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. இன்னும் இரண்டு நவநாள் பக்திகளைச் சேர்த்தேன், வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பும் தொடங்கினேன். எதுவும் மாறவில்லை. செபக் கூட்டத்துத் தோழி ஒருவர், "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது" என்கிறார். இந்த நிலையில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது வெளிவேடம் என்று படுகிறது. மறைக்கல்வியை விட்டுவிடட்டுமா? அம்மா பதினொரு மாதத்துக்கு முன் இறந்தார். இரவுச் செபமாலையை அவரோடுதான் சொல்வேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் இரண்டே வரியில் சொல்லிப் போனதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. செபம் வறண்டு ஏறக்குறைய ஒரு வருடம், அம்மா போய்ப் பதினொரு மாதம். இரண்டையும் பிரித்துப் பார்க்காதீர்கள். அதே நேரம், அதே அறை, அதே செபமாலை. அருகில் பதில் சொல்லும் குரல் மட்டும் இல்லை. மனம் அங்கே மூடிக்கொள்வதில் வியப்பில்லை, அது பாவமும் இல்லை. இரவுச் செபமாலையைச் சில மாதங்களுக்கு வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். ஐந்து பத்துமணிகளும் வேண்டாம், ஒன்று போதும். ஒவ்வொரு மங்கள வார்த்தைச் செபத்திலும் 'யேசு' என்ற பெயரில் ஒரு மூச்சு நின்று தொடருங்கள். ஆண்டு நினைவுப் பூசைக்கு இப்போதே பங்கில் பெயர் கொடுத்து வையுங்கள். அழுகை வந்தால் அதுவும் செபம்தான்.

தோழி சொன்னதை எடுத்துக்கொள்வோம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், 1548இல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற தம் நூலில் வறட்சிக்கு மூன்று காரணம் சொல்கிறார். ஒன்று, நம்முடைய அசட்டை. மற்றது, ஆறுதல் என்ற கூலி இல்லாதபோதும் நாம் எவ்வளவு தூரம் நிற்போம் என்பதைக் காட்டும் சோதனை. மூன்றாவது, செபத்தின் இனிமை நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று உணர்த்துவது. உங்கள் தோழி முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு மாலை அமைதியாக இருந்து ஆத்தும சோதனை செய்யுங்கள். குறிப்பாக ஏதாவது தெரிந்தால், அதைப் பெயர் சொல்லிக் குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் வையுங்கள். தெரியாவிட்டால் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டாம். இல்லாத பாவத்தைத் தேடும் மனம் கடவுளை விட்டுத் தன்னையே பார்க்கத் தொடங்கிவிடும்.

இந்த வறட்சி எந்த வகை என்று பார்க்கப் ஸ்பானிய மறைஞானி புனித சிலுவை யோவான் மூன்று அடையாளங்கள் தருகிறார்: ஒன்று, கடவுள் காரியத்திலும் சுவை இல்லை, உலகக் காரியத்திலும் இல்லை; இரண்டு, ஆனாலும் 'நான் கடவுளுக்கு ஒழுங்காக ஊழியம் செய்யவில்லையே' என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது; மூன்று, முன்பு போலக் காட்சிகளை மனத்தில் வைத்துத் தியானிக்க முடியவில்லை. செபம் மட்டும் கசந்து, போனும் நாடகமும் இனித்தால் அது வெறும் அசட்டை, மருந்து ஒழுங்குதான். உங்கள் கடிதத்தில் இரண்டாவது அடையாளம், அந்தக் கவலை, தெளிவாகவே இருக்கிறது. கடவுளை விட்டு விலகியவர் இப்படிக் கவலைப்பட்டு எழுதமாட்டார்.

ஆனால் முதல் அடையாளம் மனச்சோர்வாலும் வரலாம் என்று அவரே எச்சரிக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி எதிலும் நாட்டமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருந்தால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இது விசுவாசக் குறைவு அல்ல. விவிலியத்தில், சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி நித்திரை கொள்ளவிட்டார், எழுப்பி மீண்டும் சாப்பிடச் சொன்னார்.

இனி நவநாள்கள். சேர்த்த இரண்டையும் இன்றே விடுங்கள், செவ்வாய் கொச்சிக்கடை போதும். ஒருசந்தியையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். வறட்சியில் பலரும் செய்வது இதுதான்: உணர்வைத் திரும்பப் பிடிக்கப் பக்தி முயற்சிகளை அடுக்குவார்கள். வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் நின்று வீட்டுக்கு வரும் உடம்பு அதைச் சில வாரங்களில் கைவிடும். பிறகு அந்தத் தோல்வியையும் கடவுள் கைவிட்டதாகக் கணக்கு வைப்போம்.

அதற்குப் பதில் காலையில் பதினைந்து நிமிடம், போனைத் தொடுமுன். கட்டிலில் வேண்டாம், கதிரையில் நேராக இருங்கள். சிலுவை அடையாளம் போட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு விவிலியத்தின் திருப்பாடல் ஒன்றை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். 13, 42, 63, 88 ஆகிய நான்கையும் மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். ஒரு வரி தடுத்தால் அதிலேயே நில்லுங்கள். தடுக்காவிட்டால் இன்னொரு முறை வாசியுங்கள். கடைசியாகப் பரலோக மந்திரம், அவசரமில்லாமல். சொந்த வார்த்தை வராததைக் குறையாக நினைக்க வேண்டாம். செபத்தைப் பற்றி நூல்கள் எழுதிய புனித அவிலா தெரேசாவே பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபத்தில் இருக்கத் துணிந்ததில்லை என்று எழுதியிருக்கிறார். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. அதைத் திருச்சபை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவுச் செபத்தில் சொல்ல வைக்கிறது. நீங்கள் தனியாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது நிமிடத்தில் எழும்பத் தோன்றும். அப்போது பதினாறு வரை இருங்கள். வறட்சியில் குறித்த நேரத்துக்கு மேல் சற்றுக் கூடுதலாக இருக்கச் சொன்னவரும் இஞ்ஞாசியார்தான். இன்று பன்னிரண்டில் எழும்பினால் நாளை எட்டில் எழும்புவோம், அடுத்த கிழமை உட்காரவே மாட்டோம். செபத்தில் இருந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். எப்படி உணர்ந்தேன் என்று எழுத வேண்டாம்.

மறைக்கல்வியை இப்போது விட வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வறட்சியின் நடுவில் முந்தைய தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியார் விதிகளில் மிக உறுதியானது, ஏனெனில் அந்த வேளையில் சோர்வுதான் ஆலோசனை சொல்கிறது. மனம் தெளிந்த பிறகும் விடத் தோன்றினால், பங்குத்தந்தையோடு பேசி விடலாம். வெளிவேடம் என்பது இல்லாத உணர்வை இருப்பதாகக் காட்டுவது. திருச்சபையின் விசுவாசத்தைப் படிப்பிப்பது அதில் சேராது. பிள்ளைகளிடம், "சில நாள் செபிக்கும்போது ஒன்றும் தோன்றாது, அப்போதும் செபிக்கலாம்" என்று சொல்லுங்கள். "எத்தனை நாள் மறந்திருப்பீர்" என்று ஆண்டவரிடமே கேட்கும் 13ஆம் திருப்பாடல் குட்டியானது, அவர்களுக்கும் விளங்கும்.

ஒன்று மட்டும்: இதைச் செபக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். ஒரே ஒரு குருவிடமோ அனுபவமுள்ள கன்னியாஸ்திரி ஒருவரிடமோ மாதம் ஒருமுறை நேரம் கேளுங்கள். பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று மூன்று நிமிடத்தில் சொல்லும் விஷயம் இதல்ல. தனியாக அரை மணி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போகும்போது நாட்காட்டியை எடுத்துப் போங்கள், எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, எந்த நேரத்துச் செபம் மிகக் கனக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அம்மாவைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.