ராத்திரி விழித்திருக்க ஓர் அக்கா வேண்டும்

கேள்வி: எங்கள் சபைச் சேகரத்தில் வருகிற மே மாதம் பெண்பிள்ளைகளுக்குக் கொடைக்கானலில் நான்கு நாள் கேம்ப் வைக்கிறார்கள். 13 முதல் 17 வயது வரை நாற்பது பிள்ளைகள். குழுத் தலைவியாக வரச் சொல்லி ஆயரம்மா கேட்கிறார்கள். எனக்கு 38 வயது, தையல் கடை வைத்திருக்கிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. வேதாகமத்தில் ஏதாவது கேள்வி கேட்டால் திணறிவிடுவேன். போதாததற்கு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அந்தக் கேம்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். "நீங்க வந்தா நான் வரல" என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நான் போகலாமா?
- ஒரு வாசகி, நாசரேத் அருகில்

அன்புச் சகோதரிக்கு,

போங்கள். ஆனால் ஆயரம்மாவிடம் இன்றைக்கே தலையாட்டிவிட வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மேடையைப் பற்றிக் கவலையே படாதீர்கள். கேம்பில் பேச ஆள் பஞ்சம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. பகல் முழுக்க கோரஸ், தியானம், வேத வினா, விளையாட்டு என்று தானாக ஓடிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆள் கிடைக்காது.

நான் முதன்முதலாகத் தலைவியாகப் போன கேம்ப், இரண்டாம் நாள் ராத்திரி. ஒன்றரை மணி இருக்கும். குளியலறையில் குழாய் நிற்காமல் ஓடுகிற சத்தம். போய்ப் பார்த்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்று பெட்ஷீட்டைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அவளுக்கு அதுதான் முதல் தடவை. போனை எல்லாம் முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்கள், அம்மாவைக் கூப்பிட வழியில்லை. பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொன்னால் காலையில் ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு.

எனக்கு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. குழாயை மூடினேன். நாப்கின் எடுத்துக் கொடுத்து எப்படி வைப்பது என்று சொன்னேன். சமையற்கட்டில் வெந்நீர் போட்டுக் குடிக்கக் கொடுத்தேன். என் போர்வையை அவளுக்குப் போர்த்திவிட்டு, அந்த ஷீட்டை அலசி ஜன்னல் கம்பியில் போட்டேன். காலையில் யாரோ கேட்டதற்கு, "நான்தான் டீயைக் கொட்டிட்டேன்" என்றேன். பொய்தான், ஆண்டவர் கணக்கில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் கேம்பில் யார் என்ன செய்தி கொடுத்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

சபை விருந்தான அசனத்தில் கடைசிப் பந்தி வரை நின்று, எந்த இலையில் குழம்பு விழவில்லை என்று பார்க்கிற பெண்கள் இருப்பார்கள் இல்லையா? கேம்புக்கு அவர்கள்தான் வேண்டும். அதிலும் தையல் தெரிந்தவர் என்றால் விடுவார்களா? முதல் நாளே நான்கு சுடிதார் கிழியும். ஊசி, நூல், ஊக்கு எல்லாம் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஹூக்கு தைத்துக் கொடுக்கும்போது பிள்ளைகள் பேசுகிற பேச்சு, குழு நேரத்தில் வட்டமாக உட்கார வைத்தால் வராது.

வேதாகமக் கேள்விக்கு, "தெரியலம்மா, சேர்ந்து தேடிப் பார்ப்போம்" என்று சொன்னால் போதும். பெண்பிள்ளைகள் கேம்ப் என்றாலே எஸ்தர், ரூத் என்று இரண்டே பேரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். உங்கள் குழுவுக்கு எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசே முன்னால் போய் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பேர் அற்றுப்போவானேன், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொல்கிறார். அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியதில்லை, பிள்ளைகள் பேசுவார்கள்.

கடைசி ராத்திரி, தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் கூட்டம் இருக்கும். ஒருத்தி அழ ஆரம்பித்தால் வரிசையாக அழுவார்கள். அதில் பாதி, மூன்று நாள் தூங்காத அசதி. அழாத பிள்ளையை, கை உயர்த்தாத பிள்ளையை "உனக்கு என்ன?" என்று குடையாதீர்கள்.

அந்த ராத்திரியில்தான் யாராவது ஒருத்தி வந்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா" என்பாள். பண்ணாதீர்கள். நான் ஒரு தடவை பண்ணிவிட்டு மாதக்கணக்கில் தூக்கம் கெட்டேன். "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா, யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முக்கால்வாசி காதல், மார்க், வீட்டுச் சண்டை என்றுதான் இருக்கும். ஆனால் யாரோ தொட்டார்கள், தொல்லை கொடுக்கிறார்கள் என்று சொன்னால் துருவித் துருவிக் கேட்காமல், அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அப்படி ஒன்று நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். ஆயர் ஐயாவிடம் சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். "சபை பேர் கெட்டுடும், ஜெபிப்போம்" என்று யாராவது ஆரம்பித்தால், ஜெபமும் பண்ணுவோம், போனும் போடுவோம் என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் அங்கே போய்ப் பேச முடியாது. கமிட்டியிடம் இப்போதே கேளுங்கள்: ஒரு டார்மிட்டரிக்கு இரண்டு தலைவிகள் உண்டா? கிட்டார் வாசிக்க வரும் தம்பிகள், டிரைவர், சமையல்காரர் எல்லாம் எங்கே தங்குகிறார்கள்? பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோரைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடுவார்களா? நீங்களும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவதென்றால், கதவு சாத்திய அறையில் பேசாமல் நாலு பேர் பார்க்கிற வராந்தாவில் உட்கார்ந்து பேசுங்கள்.

வாடகை பஸ் என்றால், மலைக்குப் போகிற வண்டிக்கான அனுமதி, அந்த இ-பாஸை யார் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு அது வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினதும் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். பிளாஸ்டிக் கவரை நம்பாமல் மூடியுள்ள வாளி ஒன்று, எலுமிச்சம்பழம் நாலைந்து. தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் ஸ்வெட்டரே எடுத்து வர மாட்டார்கள், பழைய சால்வை இருந்தால் மூட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

இனி மகள் விஷயம். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு நீங்கள் அக்கா. அவளுக்கு மட்டும், நான்கு நாள் விடுதலை என்று நினைத்த இடத்திலும் அம்மா. இன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளிடம் பேசுங்கள். உன் குழுவில் இருக்க மாட்டேன், உன் டார்மிட்டரியில் படுக்க மாட்டேன், நீ தலை சீவாமல் வந்தாலும் கண்டுகொள்ள மாட்டேன், நீ யாரோடு சுற்றினாய் என்று வீட்டுக்கு வந்து கேட்க மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக, "அப்ப சரி, ஆனா பஸ்ல என் பக்கத்துல உக்காரக் கூடாது" என்று ஒரு நிபந்தனையோடு இறங்கி வருவாள். அதற்கும் ஒத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அவள் வேண்டாம் என்றால் இந்த வருடம் அவள் போகட்டும், நீங்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அவளிடம் பேசி முடித்த பிறகு ஆயரம்மாவுக்குப் போன் போடுங்கள்.