போருக்கு முன்னால் மணி அடித்துவிடுகிறது

கேள்வி: பெங்களூரில் என் மகளுடன் படிக்கும் ஜப்பானிய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல பிள்ளை. “எனக்கு மதம் கிடையாது. பள்ளியில் வரலாற்றுப் பாடம் போர் வரைக்கும் வரவே இல்லை. உலக விவகாரமெல்லாம் நண்பர்களோடு பேசமாட்டோம்” என்றார். இவ்வளவு முன்னேறிய நாட்டில் இப்படியும் ஒரு தலைமுறையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தப் பிள்ளை சொன்ன மூன்றில் ‘வரவே இல்லை’ என்பதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். பாடம் ஏன் வரவில்லை என்று கேட்டால் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையே பதில் சொல்லிவிடும்.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். 2022-க்கு முன்பிருந்த பழைய திட்டத்தில், மேல்நிலைப் பள்ளியில் ஜப்பான் வரலாற்றை எடுத்தவர்களுக்குப் பாடம் கற்காலத்தில் ஆரம்பிக்கும். ஜோமோன் காலத்து மண்பாண்டம், யாயோய் காலத்து நெல் சாகுபடி, நாரா, ஹெயான், காமகுரா காலங்கள், பிறகு இரண்டரை நூற்றாண்டுத் தோகுகவா ஆட்சி. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, பெயர், நிலவரிச் சட்டம் என்று மனப்பாடம். பல்கலைக்கழகங்களுக்கான பொதுத் தேர்வோ ஜனவரி நடுவிலேயே வந்துவிடும். 1868-இல் தொடங்கும் மெய்ஜி காலத்தைத் தொடும்போதே ஆசிரியர் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். 1931-இல் மஞ்சூரியாவைப் பிடித்தது, 1937-இல் நான்ஜிங் படுகொலை, 1941-இல் மலாயாவில் படை இறங்கியது எல்லாம் கடைசி வகுப்புகளில் ஓடும், இல்லையென்றால் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” ஆகிவிடும். வரிசையாக முதலிலிருந்து நடத்தினால் எந்த நாட்டிலும் அடிபடுவது கடைசி நூறு வருடம்தான்.

ஆனால் போர்ப் பாடம் அவர் கண்ணிலேயே படவில்லை என்பதை ஏற்க மாட்டேன். நடுநிலைப் பள்ளியில் வரலாறு எல்லோருக்கும் கட்டாயம். போர் அதில் உண்டு, பதினான்கு பதினைந்து வயதில், சில பக்கங்களாக. அதைவிட அழுத்தமாக மனதில் பதிவது பள்ளிச் சுற்றுலா. ஹிரோஷிமா, நாகசாகி, ஒகினாவா என்று வகுப்போடு கூட்டிப்போவார்கள். 1945 ஆகஸ்டு 6, காலை 8.15-க்கு ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்ததை அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். அமைதி வேண்டிக் காகிதக் கொக்கு ஆயிரம் மடித்துக் கோத்துக் கொண்டுபோய் வைப்பார்கள். குண்டு தங்கள் தலையில் விழுந்ததை அந்தச் சமூகம் உண்மையாகவே நினைவில் வைத்திருக்கிறது. 1942-இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பர்மாவிலும் தங்கள் படை செய்ததற்கு அப்படி ஒரு சுற்றுலா கிடையாது. ஓட்டை இருக்கும் இடம் இதுதான்.

இன்னொரு கோளாறும் இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் உலக வரலாறுதான் கட்டாயம், ஜப்பான் வரலாறு விருப்பப் பாடம். அந்தக் கட்டாயப் பாடத்தையும் பல பள்ளிகள் நடத்தாமல், அந்த நேரத்தைத் தேர்வுப் பாடங்களுக்குக் கொடுத்துவிட்டு, நடத்தியதாகக் கணக்கு எழுதிவைத்தது 2006-இல் வெளியே வந்தது. தொயாமா மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கிளம்பிய புகார், நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பள்ளிகள் வரை போனது. கடைசியில் 2022 ஏப்ரலில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். ‘ரெகிஷி சோகோ’ (ஒருங்கிணைந்த வரலாறு) என்ற புதுப் பாடம் வந்தது. ஜப்பானையும் உலகையும் சேர்த்து, பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும். எல்லோருக்கும் கட்டாயம். ஐம்பது நிமிட வகுப்புகள் மொத்தம் எழுபது. 2025 ஜனவரியிலிருந்து பொதுத் தேர்விலும் சேர்த்துவிட்டார்கள். தேர்வில் கேட்டால்தான் வகுப்பில் நடத்துவார்கள் என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கிறது. உங்கள் விருந்தாளி 2021-இலோ அதற்கு முன்போ மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர் என்றால் பழைய திட்டத்தின் கடைசி ஆட்களில் ஒருவர்.

வகுப்புக்கு நேரம் கிடைத்தாலும் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி நிற்கும். அங்கே பாடநூலை எழுதுவது தனியார் பதிப்பகங்கள், ஒப்புதல் கொடுப்பது கல்வி அமைச்சகம். ஒரு புத்தகம் மாணவர் கைக்கு வர நான்கு ஆண்டு ஆகும்: முதல் ஆண்டு எழுத்து வேலை, இரண்டாம் ஆண்டு தணிக்கை, மூன்றாம் ஆண்டு எந்தப் புத்தகம் என்ற தேர்வு, நான்காம் ஆண்டு வகுப்பறை. தணிக்கைக்குப் போகும் பிரதியில் பதிப்பகத்தின் பெயரும் இருக்காது, ஆசிரியர் பெயரும் இருக்காது, வெறும் வெள்ளை அட்டை. அமைச்சகம் ‘கருத்து’ சொல்லும், பதிப்பகம் திருத்தும். திருத்தாவிட்டால் புத்தகம் வராது. போட்ட முதல் போய்விடுமே என்ற பயத்தில், யாரும் சொல்வதற்கு முன்பே பதிப்பகம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். அதிகம் சேதம் செய்வது இந்த முன்ஜாக்கிரதைதான்.

இதை எதிர்த்து ஒருவர் 32 ஆண்டு வழக்காடினார். இயெனாகா சபுரோ என்ற வரலாற்றுப் பேராசிரியர். அவர் எழுதிய மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் போரை அளவுக்கு மீறி இருட்டாகக் காட்டுகிறது என்று அமைச்சகம் மடக்கியது. 1965-இல் முதல் வழக்கு, 1967-இல் இரண்டாவது, 1984-இல் மூன்றாவது. 1997 ஆகஸ்டு 29 அன்று உச்ச நீதிமன்றம் தணிக்கை முறை அரசியல் சட்டத்துக்கு முரணில்லை என்றது. அதே தீர்ப்பில், ஹார்பின் அருகே மனிதர்களை வைத்துச் சோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவைப் பற்றிய வரிகளை எடுக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றும் சொன்னது. நஷ்டஈடு நான்கு லட்சம் யென். வழக்குச் செலவுக்குக்கூடக் காணாது. ஆனால் அந்த வரிகள் புத்தகத்தில் நிற்கலாம் என்று ஆனதே, அதற்குத்தான் அவர் முப்பத்திரண்டு ஆண்டைக் கொடுத்தார். ‘ஜப்பான்காரன் வரலாற்றை மறைக்கிறான்’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மறைத்ததும் ஜப்பானியர்தான், மல்லுக்கு நின்றதும் ஜப்பானியர்தான்.

உலக விவகாரம் பேசாததற்கும் காரணம் உண்டு. மாணவர் போராட்டம் கொதித்த 1969-இல், மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அரசியலில் ஈடுபடக் கூடாது என்று அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. 2015-இல், வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைத்த பிறகுதான் அதை விலக்கினார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாயைக் கட்டிவைத்தால் பேச்சு எங்கிருந்து வரும்?

மதத்துக்கு வருகிறேன். பதிவுபெற்ற மத அமைப்புகள் அரசுக்குக் கொடுக்கும் விசுவாசிகள் கணக்கைக் கூட்டினால், சுமார் பன்னிரண்டரைக் கோடிப் பேர் உள்ள நாட்டில் 16 கோடிக்கு மேல் வரும். ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் கோயில் தன் வட்டாரத்தில் குடியிருப்போரை எண்ணிக்கொள்கிறது, பௌத்த விகாரை தன் இடுகாட்டில் கல்லறை வைத்திருக்கும் குடும்பங்களை எண்ணிக்கொள்கிறது. ஒரே ஆள் இரண்டு கணக்கிலும் இருப்பார், அவரோ “எனக்கு மதமில்லை” என்பார். புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போவதையும் பாட்டிக்கு விகாரையில் திதி கொடுப்பதையும் அவர் மதமாக நினைப்பதில்லை. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டம் சாரின் நச்சை விட்ட பிறகு, மதம் என்றாலே எட்ட நின்று பேசும் பழக்கம் இன்னும் கூடிவிட்டது.

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். போரின்போது ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை, சயாமில் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் வரிசை இருக்கிறது. கைதிகளோடு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள், ஒளித்துவைத்தாவது பட்டியல் எழுதினார்கள். மலாயாவிலிருந்து வேலைக்குக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு என்று முகாம் முகாமாகச் செத்தார்கள். மருத்துவர் இருந்தது அபூர்வம், பட்டியல் எழுத ஆளும் கிடைக்கவில்லை. அதனால்தான் ஆசியத் தொழிலாளர் சாவுக் கணக்கு இன்றுவரை மதிப்பீடாகவே நிற்கிறது. குறைத்துச் சொல்பவர்களும் பல பத்தாயிரம் என்கிறார்கள். இந்தப் பாடம் ஜப்பானியப் பிள்ளைக்கு வரவில்லை, சரி. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வந்தது?

அந்த மாணவர் அடுத்த முறை வரும்போது ஹிரோஷிமாவைப் பற்றி அவரிடம் கேளுங்கள், நிறையச் சொல்வார். கேட்டு முடித்ததும் ரயில் பாதையைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். பினாங்கிலோ கிள்ளானிலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே விசாரித்து, பெயர்களோடு சொல்லுங்கள்.